வளர்ந்தவர்களின் சிற்றில்

1845ஆம் ஆண்டு ஜூன் 30, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் ஹாவொர்த் என்ற சிற்றூரிலிருந்து பாதிரியார் வீட்டுப் பெண்கள் இருவர் யார்க் நகருக்குக் கிளம்பினார்கள். எமிலி பிரான்டேவுக்கு வயது 26. தங்கை ஆனுக்கு 25. இருவர் மட்டுமாகச் சேர்ந்து போன முதல் நெடும்பயணம் அது. வழியெல்லாம் அவர்கள் எமிலியாகவும் ஆனாகவும் இருக்கவில்லை. கோண்டால் என்ற கற்பனைத் தீவின் இளவரசர்களாக, இளவரசிகளாக மாறினார்கள். கல்விமாளிகைகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் தப்பியோடி, குடியரசுப் படையிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த அரச படையோடு சேரப் போகிறார்கள், இதுதான் ஆட்டம். ஒரு மாதம் கழித்துத் தன் பிறந்தநாளில் எமிலி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தார். 1847 டிசம்பரில் அவருடைய ‘வுதரிங் ஹைட்ஸ்’ வெளியானது.

நம் வீட்டில் 26 வயதுப் பெண் ஒருத்தி இப்படி ஆடினால் என்ன சொல்வோம்? “கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்திருக்க வேண்டிய வயசுல சொப்பு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு?” குழந்தைப் பருவத்துக் கற்பனை வளர்ந்தபின் எங்கே போகிறது என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றைப் படித்துப் பார்த்தபின், நம் வீட்டுக் கூடத்திலிருந்து வரும் அந்த அதட்டலையும் பதில்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரும்பாலும் நம் காதில் விழும் பதில் ஒரு புள்ளிவிவரம். ஐந்து வயதுக் குழந்தைகளில் 98 சதவீதம் பேர் படைப்பாற்றலில் மேதைகள், பெரியவர்களில் வெறும் 2 சதவீதம். மேடைப் பேச்சுகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் லேண்ட் என்பவரும் பெத் ஜார்மன் என்பவரும் 1992இல் வெளியிட்ட ஒரு நூலின் வழியாகப் பரவிய கணக்கு இது. ஆய்விதழில் வெளியாகி, தரவுகள் மற்றவர்களால் சரிபார்க்கப்பட்ட முடிவு அல்ல. ஆனாலும் இது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. நமக்குள் ஏதோ பறிபோய்விட்டது என்ற ஏக்கத்துக்கு இது ஓர் எண்ணைத் தருகிறது. ஏக்கம் உண்மை. எண்ணை நம்ப வேண்டியதில்லை.

அதைவிட உறுதியான சான்றுகள் உண்டு. கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் மெழுகுவர்த்திப் புதிர் புகழ்பெற்றது. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் தரப்படும். மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து, அதையே சுவரில் குத்தி, மேலே மெழுகுவர்த்தியை வைத்தால் முடிந்தது. ஆனால் பலருக்கு அது தோன்றுவதில்லை. குத்தூசிப் பெட்டி அவர்கள் கண்ணுக்குக் குத்தூசிப் பெட்டியாகவே தெரிகிறது. ஊசிகளை வெளியே கொட்டி, பெட்டியைக் காலியாகக் கொடுத்தால் உடனே தோன்றிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபைட்டர் இருவரும் இதைப் போன்ற ஒரு புதிரைக் குழந்தைகளிடம் வைத்தார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே தடுமாறினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பெட்டி எதற்கு என்ற முத்திரை அவர்கள் மனதில் இன்னும் குத்தப்படவில்லை. ஊதுபத்தி டப்பாவை ரயிலாக ஓட்டும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்லவேண்டியதில்லைதான்.

அலிசன் கோப்னிக்கும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. சில கட்டைகளை வைத்தால் விளக்கெரிந்து பாட்டுப் பாடும் ஒரு பெட்டி. ஒற்றைக் கட்டையே போதுமா, இரண்டு சேர்ந்தால்தான் இயங்குமா என்று கண்டுபிடிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான இரண்டாவது விதியைப் பல்கலைக்கழக மாணவர்களைவிட நான்கைந்து வயதுக் குழந்தைகளே எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் ஏற்கெனவே அறிந்த உலகத்தை அந்தப் பெட்டிமேல் ஏற்றிப் பார்த்தார்கள். குழந்தைகள் பெட்டியைப் பார்த்தார்கள்.

இவ்வளவையும் கேட்டால் வளர்வதே நட்டம் என்று தோன்றும். இங்கே லெவ் விகோட்ஸ்கியைக் கூப்பிட வேண்டும். காசநோயால் 37 வயதில் இறந்துபோன இந்த ரஷ்ய உளவியலாளர், 1930இல் குழந்தைகளின் கற்பனை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கற்பனை வெறும் காற்றிலிருந்து பிறப்பதில்லை, பட்டறிவிலிருந்து எடுத்த துண்டுகளைக் கலைத்து அடுக்குவதுதான் கற்பனை என்பது அவர் வாதம். அப்படியானால் பட்டறிவு மிகுந்தவரின் கற்பனையே வளமானது. குழந்தை தன் கற்பனையை அதிகம் நம்புகிறது, குறைவாகக் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் அது பெரிதாகத் தெரிகிறது. கையிருப்பு என்று பார்த்தால் பெரியவரிடம்தான் அதிகம் என்றார் விகோட்ஸ்கி.

இந்தக் கருத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ‘உள்ளே இருக்கும் குழந்தையை எழுப்புங்கள்’ என்ற அறிவுரை எனக்கு உவப்பானதில்லை. ஐம்பது வயது மனிதர் பார்த்த சாவுகள், காதலித்த முகங்கள், வேலை செய்த ஊர்கள், இவையெல்லாம் ஐந்து வயதில் கிடையாது. அந்தச் சரக்கை ஏன் கீழே போட வேண்டும்? அப்படியென்றால் பெரியவர் இழந்தது எதை?

விகோட்ஸ்கியே ஒரு தடம் காட்டுகிறார். விடலைப் பருவம் நெருங்கும்போது பிள்ளைகள் படம் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் தாங்கள் வரைந்ததைத் தாங்களே குறைசொல்லத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அவர் எழுதினார். அதற்கும் முன்னால், 1908இல், படைப்பாளிகளும் பகற்கனவும் குறித்து எழுதிய கட்டுரையில் ஃப்ராய்ட் இதைத் தொட்டிருந்தார். வளர்ந்தவர் விளையாட்டைக் கைவிடுவதில்லை, பகற்கனவாக மாற்றிக்கொள்கிறார். வேறுபாடு ஒன்றுதான். குழந்தை தன் ஆட்டத்தை ஒளிப்பதில்லை. பெரியவர் தன் கனவுக்கு வெட்கப்படுகிறார், பூட்டி வைக்கிறார்.

ஆக, போனது கற்பனை இல்லை. நடுவில் ஒரு கண் வந்து உட்கார்ந்துகொண்டது. அது நம்மை மதிப்பிடுகிறது, மதிப்பெண் போடுகிறது, என்ன பிரயோசனம் என்று கேட்கிறது.

அந்தக் கண் நம்மைத் திட்டத்தான் வேண்டும் என்றில்லை, பாராட்டினாலும் போதும். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலைப் பள்ளியில் மார்க் லெப்பரும் தோழர்களும் நடத்திய சோதனையை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வண்ணப் பேனாக்களைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு இந்தச் சேதம் இல்லை. பெரியவர்களிலும் இதேதான். 1985இல் தெரசா அமபைல் 72 இளம் எழுத்தாளர்களை வைத்துப் பார்த்தார். புகழ், பணம் போன்ற வெளிக்காரணங்களின் பட்டியலைச் சில நிமிடம் படித்துவிட்டு எழுதியவர்களின் கவிதைகள் தரம் இறங்கியிருந்தன. சில நிமிடத்துக்கே இப்படி என்றால், மேல்நிலைப் பள்ளியிலிருந்து பணி ஓய்வு வரை மதிப்பெண் பட்டியலோடும் சம்பள உயர்வுப் படிவத்தோடும் வாழ்பவர் கதி என்ன?

டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர் இதற்கு மாற்றாக ஓர் இடத்தைக் கண்டு சொன்னார். அழுக்கேறிய ஒரு போர்வைத் துண்டைக் குழந்தை கட்டிக்கொண்டு தூங்குகிறது. அது வெறும் துணியா, குழந்தையின் மனம் படைத்த உயிரா? இந்தக் கேள்வியை நாம் அந்தக் குழந்தையிடம் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாப் பெற்றோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல், யாரும் கணக்குக் கேட்காமல் விட்டுவைத்த இந்த இடைவெளியிலிருந்துதான் விளையாட்டும், பின்னர் கலையும் சமயமும் வளர்கின்றன என்று 1971இல் வந்த ‘விளையாட்டும் மெய்ம்மையும்’ என்ற நூலில் அவர் விரித்து எழுதினார்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: சிற்றில். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் கட்டும் சின்ன வீடு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே உண்டு. பாட்டுடைத் தலைவன் காலால் உதைக்க வருவான், சிறுமியர் கெஞ்சுவார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இதே கெஞ்சல் வருகிறது. அலையோ காலோ வந்து கலைத்துவிடும் என்று தெரிந்தே கட்டுகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் கட்டிக்கொண்டிருக்கும்போது மிதிக்காதே என்பதுதான். வளர்ந்தபின்னும் கற்பனை மங்காதவர்களின் வாழ்க்கையைப் புரட்டினால், எல்லோரிடமும் இப்படியொரு சிற்றிலைப் பார்க்கிறேன்.

நேக் சந்த் சைனியின் சிற்றில் ஒரு காட்டுப் பள்ளம். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். லெ கோர்புசியே வரைந்த அந்தப் புதிய நகரத்துக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த வளையல், பீங்கான் சில்லு, கழிவறைத் தொட்டித் துண்டு, சைக்கிள் சட்டம் எல்லாவற்றையும் அவர் மிதிவண்டியில் சேர்த்துக்கொண்டு போனார். 1957 வாக்கில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் கட்டடம் கட்டத் தடைசெய்யப்பட்ட அரசுக் காட்டில் ஒரு பள்ளத்தைத் துப்புரவாக்கி, தன் ராஜ்யத்தைக் கட்ட ஆரம்பித்தார். அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகளும் சிறுவயதில் ஆற்றங்கரையில் ஆடிய ஆட்டமும் அங்கே சிமெண்டில் எழுந்தன. வேலை முடிந்தபின், இரவில், பழைய டயர்களைக் கொளுத்திய வெளிச்சத்தில் நடனக்காரிகளும் குரங்குகளும் வீரர்களும் வரிசை வரிசையாக உருவானார்கள். ஏறத்தாழ 18 ஆண்டுகள் வெளியே தெரியவில்லை.

தெரிந்தபோது சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்பு. நல்ல காலமாக இடிக்கவில்லை. 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். பின்னாளில் ஒரு சாலைக்காக அந்தச் சிற்பத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரம் வந்தபோது, ஊர் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். சிற்றிலைச் சிதைக்க வந்த காலை ஊரே மறித்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் தொடுவது அந்தச் சங்கிலிதான். ஒரு மனிதர் தன் கற்பனையைத் தனியாகக் காத்துவிட முடியாது. அவருக்கு முதலில் ஒரு மறைவு வேண்டும், பிறகு மிதிக்காத மனிதர்கள் வேண்டும்.

ரவீந்திரநாத் தாகூரின் மறைவிடம் அவருடைய கையெழுத்துப் படிகளிலேயே இருந்தது. அடித்துத் திருத்திய சொற்களை அப்படியே விட மனமில்லாமல், அந்தக் கிறுக்கல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாக, முகமாக, பெயரில்லாத விலங்காக மாற்றுவார். ஓவியத்தில் முறையான பயிற்சி கிடையாது. அர்ஜென்டினாவில் அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்த விக்டோரியா ஒகாம்போவின் உதவியால் 1930 மே மாதம் பாரிஸில் முதல் கண்காட்சி நடந்தபோது தாகூருக்கு வயது 69. மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். கவிஞர் தாகூரிடம் உலகம் நோபல் பரிசின் கனத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. திருத்தக் கோட்டில் வாலாட்டும் பிராணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பேத்திக்குச் சொன்ன விசித்திரக் கதைகளைச் சேர்த்து 1937இல் ‘ஷே’ என்ற நூலையும் அவர் வெளியிட்டார்.

ரிச்சர்ட் ஃபெயின்மன் கதையைப் பலரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். போருக்குப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இனி தன்னிடம் ஒன்றும் வராது என்று ஓய்ந்துபோயிருந்த அவர், இனிமேல் இயற்பியலோடு விளையாட மட்டும் போகிறேன் என்று முடிவெடுத்தார். சிற்றுண்டிச் சாலையில் யாரோ தூக்கிப்போட்ட தட்டு தள்ளாடிச் சுழன்றதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எதற்கும் உதவாத அந்தக் கணக்குதான், 1965இல் தனக்கு நோபல் பெற்றுத்தந்த வேலைக்குத் தன்னைத் திரும்பக் கூட்டிப் போனது என்று அவரே எழுதியிருக்கிறார்.

பயிற்சிதான் கற்பனையைக் கொல்கிறது என்ற பேச்சையும் ஒதுக்கிவிடலாம். 2008இல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு தேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளைப் படக் கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்ததைவிட மனோதர்மமாக வாசித்தபோது, தன்னைக் கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகள் அடங்கிப்போயின. ஆறு பேர் சிறிய எண்ணிக்கை. ஆனால் நம் ஊர்க் கச்சேரி கேட்பவர்களுக்கு இது புரியும். நிரவல் பாடும் வித்வான் பல்லாண்டு சாதகத்தை மறந்து பாடுவதில்லை. சாதகம் உள்ளே ஊறிப்போனதால்தான் அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ள அவரால் முடிகிறது.

நம் வாழ்க்கையில் இந்த மாதிரிச் சிற்றில்கள் எவை என்று பார்த்தால் முதலில் வாசல்தான். விடிகாலையில் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, சிக்குக் கோலம் இழுக்கும் பெண்மணி 15 புள்ளியில் எங்கே வளைத்தால் கம்பி அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வரும் என்று மனக்கணக்காகப் போட்டுக்கொண்டே போகிறார். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா, நேற்றுப் போட்டதில் எதை மாற்றலாம் என்ற யோசனை விரலிலேயே ஓடுகிறது. பத்து மணிக்குள் பால்காரர் சைக்கிளும் எறும்பும் அதைத் தின்றுவிடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியது. வாசலில் குனிந்திருந்தவரின் விரலில் ஓடியதைக் கணினி அறிவியலுக்குக் கொண்டுபோனார்கள்.

கோலம் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பெண் தலையில் மட்டும் விழுந்ததை நான் மறக்கவில்லை. அடுப்படி, துணி, தண்ணீர் என்று எல்லாம் காத்திருக்கிற நாளில் அது இன்னொரு வேலை. இருந்தும் அந்த வேலைக்குள் என்ன வரைவது என்பதை யாரும் அவருக்கு உத்தரவிட முடியவில்லை. அந்தக் கால் மணி நேரம் அவருடையது. ஒட்டுக் கோலம் வந்தபின் கையும் போனது, யோசனையும் போனது. மார்கழிக் கோலப் போட்டிகளில் குக்கர் பரிசு அறிவித்த தெருக்களில், கோல நோட்டில் இருப்பதை அளவெடுத்துப் பெயர்த்து வைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. லெப்பரின் ரிப்பன் நம் தெருவுக்கும் வந்துவிட்டது.

இன்னொரு சிற்றில் பிள்ளைக்குச் சோறூட்டும் இடுப்பு. நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, ஒவ்வொரு வாய்க்கும் கதையில் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும். எழுத்துப் பழக்கமே இல்லாத பாட்டி அந்தக் கிண்ணம் காலியாகும்வரை புதிதாகக் கட்டிக்கொண்டே போவார். பிள்ளைக்காக என்ற சாக்கு அவரை வெட்கத்திலிருந்து காப்பாற்றுகிறது. பெரியாழ்வார் யசோதையாகிப் பாடியதும், பாரதி கண்ணனைத் தோழனாக, தாயாக, சேவகனாக, சீடனாக, விளையாட்டுப் பிள்ளையாக மாற்றி மாற்றிப் பார்த்ததும் இந்த ஊற்றிலிருந்துதான். தெய்வத்தைப் பிள்ளையாக்கி, தன்னைத் தாயாக்கி, வளர்ந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு இலக்கண நூலில் இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. இன்று அந்தக் கிண்ணத்துக்கு எதிரே கைபேசி சாய்த்து வைக்கப்படுகிறது. பிள்ளை என்ன இழக்கிறது என்று நிறையப் பேசிவிட்டோம். பாட்டி இழந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

குறுக்குவழிகளும் சொல்லப்படுகின்றன. 2010இல் டார்யா ஜபேலினாவும் மைக்கேல் ராபின்சனும், ‘உனக்கு ஏழு வயது, இன்று பள்ளி விடுமுறை’ என்று கற்பனை செய்து எழுதச் சொல்லிவிட்டுக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய விடைகளில் புதுமை கூடியிருந்தது. இனிமையான முடிவு, ஆனால் சிறிய சோதனை. அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனால் அதிலும் அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள்: பள்ளி விடுமுறை. வயது குறைந்ததைவிட விடுமுறை கிடைத்ததுதான் வேலை செய்தது என்பது என் ஊகம். நிறுவனங்கள் வண்ண நாற்காலி போட்டு நடத்தும் படைப்பாற்றல் பயிலரங்குகளில் இந்த விடுமுறை கிடையாது. மாலையில் எத்தனை யோசனை தேறின என்று பலகையில் எழுதுகிறார்கள். நேக் சந்தின் பள்ளத்தில் பலகை இல்லை.

மீண்டும் ஹாவொர்த்துக்கு வருகிறேன். அங்கே ஆட்டம் தொடங்கியது 1826 ஜூனில், அண்ணன் பிரான்வெலுக்கு அப்பா வாங்கிவந்த 12 மரச் சிப்பாய்களோடு. நான்கு பிள்ளைகளும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர் வைத்து, அந்தச் சிப்பாய்கள் படிக்கும் அளவுக்குத் தீப்பெட்டி போன்ற குட்டிப் புத்தகங்களைக் கையால் எழுதினார்கள். மூத்தவர் சார்லட்டும் பிரான்வெலும் ஆங்ரியா என்ற நாட்டை ஆண்டார்கள். எமிலியும் ஆனும் கோண்டாலைப் பிரித்துக்கொண்டார்கள். 1836 டிசம்பரில் சார்லட் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதிக்கு அனுப்பினார். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இப்படிப் பகற்கனவில் மூழ்கினால் மனம் கெடும் என்று பதில் வந்தது. 1839 வாக்கில் சார்லட் ஆங்ரியாவுக்கு விடைகொடுத்து ஒரு பக்கம் எழுதினார். அவரும் ‘ஜேன் அயர்’ எழுதினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. விடைகொடுத்தும் வளரலாம். சிற்றிலை விட்டு வெளியேறுவது வேறு, யாரோ வந்து மிதிப்பது வேறு. சார்லட்டுக்கு இரண்டும் நடந்தது.

எமிலி விடைகொடுக்கவில்லை. 1845 இலையுதிர் காலத்தில் அவருடைய கவிதை நோட்டு சார்லட் கையில் அகப்பட்டபோது எமிலிக்கு வந்த கோபம் தணியப் பல மணி நேரமும், அச்சிட ஒப்புக்கொள்ளப் பல நாளும் பிடித்தன. 1846இல் வந்த தொகுப்பில் கோண்டால் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டிருந்தன. புத்தகம் முதலில் இரண்டே படிகள் விற்றது.

அந்த யார்க் பயணத்தைப் பற்றி எழுதிய அதே கோடையில், கோண்டால் மக்கள் முன்போலவே செழிப்பாக இருக்கிறார்கள், நமக்கு இன்பம் தரும்வரை அவர்களை விடப்போவதில்லை என்ற பொருளில் எமிலி எழுதினார். ஆனின் தாளில் வேறு சேதி இருக்கிறது: கோண்டால்காரர்கள் இப்போது ஆட்டத்துக்கு அவ்வளவு தோதாக இல்லை, தேறுவார்களா தெரியவில்லை. தங்கைக்குச் சலித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அக்காவோடு வழிநெடுக ஆடினார். கோண்டாலின் உரைநடைக் கதைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செவ்வாய் மாலை இருவரும் யார்க்கிலிருந்து கீத்லிக்குத் திரும்பி, அங்கே இரவு தங்கி, புதன்கிழமை காலை நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள்.